மூன்றாம் மாடிக்குப் படியால்

இயேசு, மரி, சூசை துணை

கிரெஸ்வெல் ஹவுஸ்,
வால்தம்ஸ்டோ.
12 ஜனவரி 2025

அன்பின் கஸ்பர் அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் மெற்றில்டா அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உங்கள் காது மெஷின் இன்னும் விசில் அடிக்கிறதா? போனில் உங்களோடு கதைக்க நான் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகிறார். நமக்குக் கடிதம்தான் சரி. தபால்காரருக்கும் வேலை வேண்டுமே.

ஒரு பெரிய செய்தி. எங்கள் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். ஹவுஸிங் அசோசியேஷன் ஐந்து மொழிகளில் கடிதம் அனுப்பியிருந்தது. தமிழிலும் ஒரு பக்கம் இருந்தது. அதை வாசித்து விளங்குவதைவிட இங்கிலீசே லேசாகப் போய்விட்டது. இடிப்பதா விடுவதா என்று வருடக் கடைசியில் குடியிருப்பவர்களிடம் வாக்குக் கேட்பார்களாம்.

செவ்வாய்க்கிழமை கீழ் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சுவர் முழுக்கப் புதுக் கட்டடத்தின் படம். படத்திலுள்ள சனமெல்லாம் மெலிந்தவர்கள். எல்லாரிடமும் சைக்கிள் இருக்கிறது, ஒருவர் கையிலும் சாமான் பை இல்லை. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ஒருவர் கார் நிறுத்தும் இடம் பற்றிக் கேட்டார், ஒருவர் எலி பற்றிக் கேட்டார். நான் எழும்பி, புதுக் கட்டடத்து லிப்ட்டுக்குள் சவப்பெட்டி போகுமா என்று கேட்டேன். கூட்டம் நடத்தினவர் தண்ணீர் குடித்தார்.

ஏன் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இவருடைய அடக்க நாளன்று நானும் மகள் றூபினியும் சோபாவைத் தூக்கிப் படுக்கையறைக்குள் போட்டுவிட்டு, முன்னறையில் வெள்ளை விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கோவிலுக்குக் கொண்டுபோக முன்பு வீட்டுக்கு, அதுதானே முறை. நம்முடைய சனத்தில் யாரைத்தான் வீட்டுக்குக் கொண்டு வராமல் அனுப்பியிருக்கிறோம்? நீங்கள் மேலே வந்து, “பியற்றிஸ், லிப்ட்டுக்குள்ள பெட்டி அடங்காது. படியில திருப்பவும் ஏலாது, நான் அளந்து பாத்திட்டன்” என்றீர்கள். கீழே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், சவவண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிடத்தில் செபத்தை முடித்தோம்.

நீங்கள் எஞ்சினியர், ரயில்வேயில் முப்பது வருடம் பாலம் அளந்தவர். ஒரு பெட்டியும் இரண்டு ஆளும் போக லிப்ட் எத்தனை அடி இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் கொடுக்க வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கச்சி
பியற்றிஸ்

*

விம்பிள்டன்
30 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சி பியற்றிசுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். மெற்றில்டாவுக்கு வலது முழங்கால் நோகிறது. என் காதுக்குப் புது மெஷின் தந்திருக்கிறார்கள். இப்போது கரண்டி விழுகிற சத்தம் இடி மாதிரிக் கேட்கிறது, மனிதர் கதைப்பதுதான் கேட்பதில்லை. உனக்கு எழுபது ஆவதற்குள் காதை ஒருமுறை காட்டிக்கொள்.

செய்தியை வாசித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். இடிக்கட்டும். அந்தக் கட்டடம் நின்றது போதும். இருபத்திரண்டு வருடமாக அதற்குள் இருக்கிறாய், ஒரு மாரிகாலம்கூடச் சுவர் ஈரம் பிடிக்காமல் விட்டதில்லை. புதுக் கட்டடத்தில் உனக்கு வீடு நிச்சயம் என்பதை எழுத்தில் வாங்கு. ஜன்னல் எந்தப் பக்கம், சூடாக்கும் முறை என்ன, சமையலறைக்குக் கதவு உண்டா, இடையில் எங்கே குடியிருத்துவார்கள் என்பதையெல்லாம் கேள். இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

பெட்டிக் கதையை விட்டுவிடு. வெள்ளைக்காரர் அதை வேறுவிதமாக எடுப்பார்கள். நாலு பேர் கூடுகிற இடத்தில் உன்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் விரும்பவில்லை. நடந்தது நடந்துவிட்டது. மச்சான் அலோசியஸ் புண்ணியவான், அவர் எங்கிருந்து போனாலும் நேரே மோட்சத்துக்குத்தான் போயிருப்பார்.

இங்கே ட்ராம் இரண்டு நாள் ஓடவில்லை. மற்றப்படி விசேஷம் இல்லை.

அன்புடன்
அண்ணன் கஸ்பர்

*

இயேசு, மரி, சூசை துணை

வால்தம்ஸ்டோ
9 பெப்ரவரி 2025

அன்பின் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம், அண்ணியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள். ஜன்னல், சமையலறைக் கதவு எல்லாம் எழுதினீர்கள். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சையும் இப்படித்தான் எழுதினீர்களோ?

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் புன்மி எழும்பினாள். என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற நைஜீரியக்காரி, முதலாம் மாடியில் இருக்கிறாள். தன் தாய்க்கும் இந்தக் கட்டடத்தில் அதேதான் நடந்தது, முதலாம் மாடிகூட எட்டவில்லை, கீழே நின்றே பாடி அனுப்பினோம் என்று சொன்னாள். அவளுடைய குரல் உங்களுக்கே மெஷின் இல்லாமல் கேட்கும். பிறகு ஐந்தாம் மாடி ஐரிஷ் கிழவர், தங்கள் ஊரிலும் வீட்டில் வைத்துத்தான் எடுப்பது என்றார். இப்போது என் கேள்வியை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பதினாலாம் கேள்வி.

அண்ணை, பகிடிக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை இவர் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. “வீட்ட போவம்” என்பார், கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார், திரும்பவும் “வீட்ட போவம்” என்பார். நான் ஓம் என்றேன். ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன். முப்பத்தொரு வருடத்தில் இவருக்கு ஓம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். அது என்னை இன்னும் வாட்டுகிறது. இனி வருகிற கட்டடத்தில் வேறு ஒருத்தி இப்படிக் கிடந்து வாடக்கூடாது.

ஆகையால் அளவை எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
பியற்றிஸ்

*

விம்பிள்டன்
6 மார்ச் 2025

அன்புள்ள பியற்றிஸ்,

சுகம், சுகம் அறிய ஆவல். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நேற்றுச் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு கடைக்குப் போனேன், காசு வாங்குகிற பிள்ளை ஈரத் துணி ஒன்றை எடுத்து நீட்டியது.

நீ கேட்டது: உள்ளே ஆழம் ஏழடி, அகலம் மூன்றரை அடி. கதவும் மூன்றரை அடி இருந்தால் நல்லது. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் போகிற லிப்ட்டின் அளவும் இதுதான். அதைச் சொல்லிக் கேள். ஸ்ட்ரெச்சர் என்றால் மறுக்க மாட்டார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு இதோடு விடு. பழையதைக் கிளறினால் உன் உடம்புக்குத்தான் கேடு.

அண்ணன்
கஸ்பர்

*

இயேசு, மரி, சூசை துணை

வால்தம்ஸ்டோ
23 மார்ச் 2025

அன்பின் அண்ணைக்கு,

நான் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் தபசு காலம் நல்லபடி போகட்டும். இந்த முறை தேத்தண்ணீரை விடுவதாக நேர்ந்தேன், மூன்றாம் நாளே தலையிடி வந்துவிட்டது. சீனியை மட்டும் விட்டிருக்கிறேன்.

உங்கள் அளவுதான் இப்போது மண்டபத்தில் பெரிய கதை! கட்டடம் வரைகிற ஆட்களில் ஒரு தமிழ்ப் பிள்ளையும் இருக்கிறாள். பெயர் கோசிகா, முப்பத்தைந்து வயதிருக்கும், லண்டனிலேயே பிறந்தவள். நான் தாளை நீட்டினதும், “அன்ரி, இது யார் தந்தது? பெர்பெக்ட்” என்றாள். என் அண்ணை எஞ்சினியர், இவருடைய அடக்க நாளன்று இந்தக் கட்டடத்துப் படியையே அளந்து பார்த்தவர் என்று சொன்னேன். அங்கேயிருந்த எல்லாருக்கும் இங்கிலீசிலும் சொன்னேன். நூறு பேருக்குக் குறையாது. எனக்கு உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பழைய கட்டடத்தில் என்ன குறை என்று ஒரு அறிக்கை எழுதுகிறார்களாம். அதில் எங்கள் கதையையும் அளவோடு போடப் போகிறாள். லிப்ட்டையும் படியையும் அளக்க ஏப்ரல் பத்தாம் திகதி பதினொரு மணிக்கு வருகிறாள். “உங்கட அண்ணாவும் வந்தா சூப்பர், அவர் எடுத்த மெஷர்மென்ட்ஸோட செக் பண்ணலாம்” என்றாள். பள்ளிக்கூட விடுமுறை, நான் வீட்டில்தான். நீங்கள் வாருங்கள். மீன் குழம்பு வைக்கிறேன். விக்டோரியா லைனில் கடைசி ஸ்டேஷன், வழி மறந்திருக்காது என்று நினைக்கிறேன். வந்து ஐந்து வருடத்துக்கு மேலாகிறதே.

உங்கள் தங்கச்சி
பியற்றிஸ்

*

விம்பிள்டன்
25 மார்ச் 2025
முதல் வகுப்புத் தபால்

அன்புள்ள பியற்றிஸ்,

சுகம். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

பத்தாம் திகதி என்னால் வர இயலாது. மெற்றில்டாவை முழங்காலுக்கு டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு எடுத்த அளவுகளும் என்னிடம் இல்லை. ஐந்தாறு வருடத்துக் கதை, தாளை யார் வைத்திருப்பார்?

இடிக்கப் போகிற கட்டடத்தின் படியை அளப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. லிப்ட்டை அளந்தால் போதும். லிப்ட் சிறியது என்பது எல்லாருக்கும் தெரியும், அறிக்கைக்கு அதுவே காணும். அந்தப் பிள்ளைக்கு வேறு வேலை இருக்கும், படி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மச்சானின் பெயரை அறிக்கையில் போடுவதும் அழகில்லை. குடும்பக் காரியம் குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

பத்தாம் திகதிக்கு முன் ஒரு வரி எழுது.

அண்ணன்
கஸ்பர்

*

வால்தம்ஸ்டோ
27 ஏப்ரல் 2025

அன்பின் அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன்.

உயிர்ப்புப் பூசைக்கு றூபினி லீட்ஸிலிருந்து வந்து நாலு நாள் நின்றாள். கோவிலில் நல்ல சனம். இரண்டு நாள் வெயில் எறித்தது, போர்வைகளைத் தோய்த்துக் காயவிட்டேன்.

பத்தாம் திகதி கோசிகா வந்து அளந்தாள். முடிந்தது.

பியற்றிஸ்

*

விம்பிள்டன்
15 மே 2025

அன்புள்ள தங்கச்சி பியற்றிசுக்கு,

நாங்கள் சுகம். மெற்றில்டாவின் முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள், இப்போது படி இறங்குகிறாள்.

உன் கடிதம் சின்னதாக இருந்தது. வேலை கூடவாக இருக்கும். அளந்தார்கள் என்று எழுதினாய். அளவு என்ன வந்தது என்று எழுதவில்லை. சும்மாதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை ஏதாவது சொன்னாளா? இந்தக் காலத்தில் லேசர் வைத்து அளக்கிறார்கள், அதில் இரண்டு மூன்று அங்குலம் கூடக் குறைய வரலாம். முன்பு பியூனரல்காரர் பாவித்த பெட்டிகளும் பெரியவை.

தோட்டத்தில் தக்காளி நட்டிருக்கிறேன். காய்த்ததும் கொண்டு வந்து தரலாம் என்று நினைத்திருக்கிறேன். பதில் போடு.

அன்புடன்
அண்ணன் கஸ்பர்

*

விம்பிள்டன்
29 ஜூலை 2025

பியற்றிஸ்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று றூபினி மெற்றில்டாவுக்குச் சொன்னாளாம். அதனால் அதைக் கேட்கவில்லை. மே மாதம் எழுதினேன், ஜூனில் மாதா படம் போட்ட கார்ட் ஒன்று அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன். ஒருவேளை தெரியாவிட்டால், இந்தக் கடிதத்தில் தெரிந்துகொள்.

நான் அளக்கவில்லை. என் கையில் டேப்பே இருக்கவில்லை.

அன்று காலை பியூனரல்காரர் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, படியால் கொண்டு போகலாம், ஆறு பேர் வேண்டும், பத்து நிமிடம் செல்லும் என்றார். எந்த அறை என்றும் கேட்டார். வீட்டார் மனம் மாறிவிட்டார்கள், கீழேயே செபத்தை முடித்துக்கொண்டு நேரே கோவிலுக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பிறகு நான் மேலே வந்து உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். நீ கையில் நெருப்புப் பெட்டியோடு நின்றாய். “சரி அண்ணை, நீங்கள் சொன்னாச் சரி” என்றாய்.

ஏன் என்று நீ கேட்பாய். விம்பிள்டனிலிருந்து நாலு கார் வந்திருந்தது. டொக்டர் பாஸ்கரன் குடும்பம், எங்கள் பங்குச் சுவாமி, என்னுடைய பழைய மேலதிகாரி. தங்கச்சிக்கு வால்தம்ஸ்டோவில் பிளாட் இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், எப்படிப்பட்ட கட்டடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும். மூத்திர வாடையும் சுவர் முழுக்கக் கெட்ட எழுத்தும் மூலையில் போத்தலும் கிடக்கும். இவர்கள் எல்லாரும் பெட்டிக்குப் பின்னால் அதில் ஏறி வரப் போகிறார்களே என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மை அவ்வளவுதான். மச்சானைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பினேன், என்னுடைய மரியாதைக்காக.

அந்தக் கட்டடத்தை இடித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும் என்று ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்று நினைத்தேன். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கஸ்பர்

*

வால்தம்ஸ்டோ
10 ஆகஸ்ட் 2025

கஸ்பர் அண்ணைக்கு,

நான் சுகம்.

ஏப்ரல் பத்தாம் திகதியே தெரியும். கோசிகா கீழிருந்து மூன்றாம் மாடிவரை ஒவ்வொரு திருப்பத்திலும் சிவப்பு வெளிச்சத்தை அடித்து அளந்தாள். கையில் பெட்டியின் அளவும் வைத்திருந்தாள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “அன்ரி, சொறி, ஆனா இது ஈஸியா போயிருக்குமே. ரெண்டு அடி மிச்சம் இருக்கு” என்றாள். நான் அவளுக்குத் தேத்தண்ணீர் போடப் போனேன். போட்டுக் கொடுத்துவிட்டு, அதை எழுதாதே பிள்ளை, லிப்ட்டை மட்டும் எழுது என்றேன். என் அண்ணை அளந்தார் என்று நூறு பேருக்கு முன்னால் சொன்னவள் நான். உங்களைப் பொய்யர் ஆக்க எனக்கு வாய் வரவில்லை. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் தந்துவிட்டாள்.

பிறகு நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதத்தில் லேசர் பிழை என்றீர்கள். அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் சமைக்கவில்லை.

படியைப் பார்த்து வெட்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வெட்கம்தான் அண்ணை. எனக்கு அந்த வெட்கம் இல்லை என்றா நினைத்தீர்கள்? அன்று விடிய முன்பே நானும் புன்மியும் வாளியும் பிளீச்சுமாக இறங்கினோம். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இவருக்கு வெள்ளை விரிக்க வேண்டியவள் நான், முட்டுக்காலில் நின்று மூன்று மாடிப் படியையும் தேய்த்தேன். போத்தல் எல்லாம் பொறுக்கினோம். சுவரிலிருந்த கெட்ட எழுத்துக்கு மேல் புன்மி தன் பிள்ளைகளின் வெள்ளைக் கடதாசியை ஒட்டினாள். இவர் வரப் போகிறார், உங்களுடைய பெரிய மனிதர்கள் வரப் போகிறார்கள், என் அண்ணை தலைகுனியக்கூடாது என்றுதான் தேய்த்தேன்.

நீங்கள் படியில் கால் வைக்கவே இல்லை. லிப்ட்டில் வந்தீர்கள், சொன்னீர்கள், லிப்ட்டில் போனீர்கள்.

இப்போது என்னால் இதற்கு மேல் எழுத ஏலாது.

பியற்றிஸ்

*

விம்பிள்டன்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள பியற்றிஸ்,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

போன கிழமை செவ்வாயன்று, நீ வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உன் கட்டடத்துக்கு வந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் அந்த நேரத்தில் வந்தேன். கீழேயிருந்து படியால் ஏறினேன். ஐம்பத்துநாலு படி. டேப் கொண்டு வந்திருந்தேன், எடுக்கவில்லை. கண்ணால் பார்க்கவே தெரிந்தது.

இறங்கும்போது முதலாம் மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்து யார் என்று கேட்டாள். சுகமில்லையென்று வேலைக்குப் போகவில்லையாம். பியற்றிஸின் அண்ணன் என்றதும், நீங்களா அந்த எஞ்சினியர் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தன் தாய்க்கும் பியூனரல்காரர் படி சரிவரும் என்றுதான் சொன்னார்களாம். உங்கள் மச்சானின் பெட்டியே படியில் திரும்பாது என்று கேள்விப்பட்டிருந்ததால், கேட்காமல் விட்டோம் என்றாள். இது எனக்குத் தெரியாது, பியற்றிஸ். நான் சொன்ன பொய் அந்த வீட்டுக்கும் போயிருக்கிறது. அவளிடம் அங்கேயே நின்று உண்மையைச் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள். கதவைச் சாத்தவில்லை, நான் இறங்கும் வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து டொக்டர் பாஸ்கரனிடமும் சொன்னேன். “கஸ்பர், நாங்கள் அண்டைக்கு மேல வந்து செபம் சொல்லத்தானே வந்தனாங்கள். நீங்கள்தானே விடேல்லை” என்றார். மெஷின் இல்லாவிட்டாலும் அது எனக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அண்ணன்
கஸ்பர்

*

இயேசு, மரி, சூசை துணை

வால்தம்ஸ்டோ
9 நவம்பர் 2025

அன்பின் கஸ்பர் அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். அண்ணி கல்லறைத் திருநாளுக்கு இவருடைய கல்லறையில் பூ வைத்திருந்ததைக் கண்டேன். விம்பிள்டனிலிருந்து அவ்வளவு தூரம் அந்த முழங்காலோடு வந்திருக்கிறா. பக்கத்தில் இன்னொரு ஆளின் சப்பாத்து அடையாளமும் இருந்தது.

வாக்கெடுப்பு முடிந்தது. இருநூற்றுப் பதினேழு பேர் இடிக்கலாம் என்றும் தொண்ணூற்றெட்டுப் பேர் வேண்டாம் என்றும் போட்டார்கள். நான் இடிக்கலாம் என்று போட்டேன். பதினாலாம் கேள்விக்கு எழுத்தில் பதில் தந்துவிட்டார்கள், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு லிப்ட் ஏழடி ஆழம். கோசிகா வரைபடத்தைக் காட்டி, “அன்ரி, உங்கட லிப்ட்” என்றாள். உங்கள் அளவுதான். அதில் பிழை இல்லை.

புன்மி கோபமாகத்தான் இருக்கிறாள். ஒரு கிழமை என்னோடும் கதைக்கவில்லை. அவளுக்குப் போய் அந்தப் பொய்யைச் சொன்னது நான்தானே, தெரியாமல் என்றாலும். பிறகு சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது, உன் அண்ணன் கிழவன், ஆனாலும் வந்து சொன்னான் என்றாள். அதை மன்னிப்பு என்று எடுக்க வேண்டாம். எனக்கும் கோபம் முழுக்கப் போகவில்லை. சில நாள் படியில் இறங்கும்போது திரும்பவும் வருகிறது. ஆனால் மாதக்கணக்காக உங்களுக்கு எழுதாமல் இருந்ததில் நானும் பாதியாகிவிட்டேன். எனக்கு இருக்கிற அண்ணை நீங்கள் ஒருவர்தான்.

இருபத்திரண்டாம் திகதி இவருடைய ஆறாம் வருடம். பூசை எங்கள் கோவிலில் பத்து மணிக்கு, பிறகு வீட்டில் சாப்பாடு. இரண்டு பேரும் வாருங்கள். லிப்ட் பழுது, திருத்த மாட்டார்களாம், இடிக்கப் போகிற கட்டடம்தானே. அண்ணிக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் கதிரை போட்டு வைக்கிறேன். டொக்டர் பாஸ்கரனையும் கூட்டி வாருங்கள். படி கழுவ மாட்டேன், இருக்கிறபடி இருக்கட்டும்.

இன்னொன்று, இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். இதை இடிக்கத் தொடங்கவே இன்னும் மூன்று நாலு வருடம் செல்லும் என்கிறார்கள். எனக்கு அறுபத்தாறு. அதற்குள் எனக்கு ஏதும் நடந்தால் இந்த வீடுதான், இந்தப் படிதான். பியூனரல்காரர் வந்து கீழே நின்று, என்ன செய்வது என்று மூத்த ஆம்பிளை என்று உங்களிடம்தான் கேட்பார். கார் எத்தனை நின்றாலும் நிற்கட்டும், யார் வந்திருந்தாலும் வந்திருக்கட்டும். நீங்கள், “மேல கொண்டு போங்கோ” என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், உங்கள் காதிலும் விழ வேண்டும்.

உங்கள் தங்கச்சி
பியற்றிஸ்